பினாங்குத் துறையின் தொடர்தோணிகள்

பினாங்குத் தீவுக்கும் தீபகற்பக் கரைக்கும் இடையே கிடக்கும் கடல், ஜார்ஜ் டவுனுக்கு எதிரில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமே உடையது. வடக்கிலும் தெற்கிலும் வாய்திறந்த இந்நீர்ப்பரப்பே பினாங்குத் துறைமுகம். மேற்கே தீவின் மலைகளும் கிழக்கே பெருநிலமும் காற்றைத் தடுத்து நிற்பதால் பெரும்பாலான நாள்களில் இங்கு அலை அடங்கியே இருக்கும். ஆயினும் நூறாண்டுக்கும் மேலாகப் பெரிய கப்பல்கள் இத்துறைமுகத்தின் கரையை அணைந்ததில்லை. கப்பல் நடுநீரில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கும் மக்களும் தோணி ஏறிக் கரைக்கு வருவர். நீராவி வந்தபின் அத்தோணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வடத்தால் பிணைத்து, ஒரு சிறு பொறிப்படகு முன்னின்று இழுத்துச் செல்லும் முறை ஏற்பட்டது. ஒற்றை விசையின் பின்னால் இரண்டு சுமை, மூன்று சுமை என்று தொடராகச் செல்லும் அந்த அமைப்பே இக்கட்டுரையின் பொருள்.

துறைமுக வரலாறு எழுதுவோர் ஆளுநரின் பெயர் தாங்கிய பாலங்களையும், கப்பல் நிறுவனங்களையும், ஏற்றுமதிக் கணக்குகளையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். இழுத்துச் சென்ற படகுக்குக்கூட ஒரு பெயர் இருந்தது. அது பதிவேட்டில் ஏறியது. இழுக்கப்பட்ட தோணிகள் எண்ணிக்கையாக மட்டுமே நின்றன. அத்தோணிகளின் அமரத்தில் சுக்கான் பிடித்து நின்ற மனிதரைப் பற்றி எவரும் எழுதவில்லை. இழுக்கப்படுவது தானாகவே பின்தொடரும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும். அவ்வெண்ணம் பிழையானது. இரண்டாம் தோணி தானாகப் பின்தொடர்வதில்லை. அதனைப் பின்தொடரச் செய்வது ஒரு தொழில். அத்தொழிலில் இருந்தவருள் தமிழர் பலர்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் குழுமத்தின் பெயரால் கைக்கொண்டார். அதற்கு முன்பே எதிர்க்கரையிலுள்ள கெடாவில் தமிழர் குடியிருந்தனர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருள்களின் வரிசையில் காழகத்துச் செல்வமும் கூறப்படுகிறது. காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என உரை கண்டார். அக்கடாரமே கெடா என்பது மாணவர் அறிந்த செய்தி. புதிய துறைமுகம் எழுந்ததும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களைப் பற்றி லைட் 1794இல் ஒரு குறிப்பு எழுதினார். சூலியர் எனப்பட்ட அவர்கள் ஏறத்தாழ 1,000 பேர் தீவில் குடியேறிவிட்டதாகவும், அவர்கள் கடைக்காரராகவும் கூலியாட்களாகவும் இருந்ததாகவும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, உழைத்துச் சிறிது பொருள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்பியதாகவும் அக்குறிப்புக் கூறுகிறது. துறைமுகம் தோன்றி எட்டாண்டு ஆவதற்குள்ளேயே அதன் உடலுழைப்பில் தமிழர் பங்கு இவ்வளவு இருந்தது.

சூலியா தெருவும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் கடற்கரையிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் இருப்பது தற்செயல் அன்று. உழைப்பவர் உழைக்கும் இடத்தை ஒட்டிக் குடியிருந்தனர். அக்காலத்தில் கடற்கரைத் தெரு எனப்பட்ட லெபு பந்தாய், பெயருக்கேற்பக் கடலோரத் தெருவாகவே இருந்தது. இன்று அத்தெருவுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள நிலம் 1880களில் தொடங்கிக் கடலைத் தூர்த்துப் பெற்றது. ஆளுநர் பிரடெரிக் வெல்டின் பெயரால் அதன் ஓரம் வெல்டு கீ ஆயிற்று. ஒவ்வொரு தெருவும் கடலை நோக்கி நீட்டப்பட்டபோது அந்நீட்சிக்குப் பெயர் வேண்டியிருந்தது. வடஇந்திய மொழிகளில் படித்துறையைக் குறிக்கும் ‘காட்’ என்னும் சொல் அதற்கு வாய்த்தது. கட் லெபு சூலியா, கட் லெபு பாசார், கட் லெபு கெரெஜா என இன்றும் பலகைகளில் நிற்கும் ‘கட்’ அதுவே. ஒவ்வொரு ‘கட்’டும் தோணிகள் வந்து அணைந்த ஒரு துறை. தெருப்பெயர்களைப் படிப்பவர் பினாங்கின் தோணித்தொழில் வரைபடத்தையே படிக்கிறார் எனலாம்.

சுமைத்தோணியை மலாய்மொழி தொங்காங் என்றது. தமிழர் அதனைத் தொங்கான் என்றனர். அச்சொல் தமிழ் அகராதியிலும் இடம்பெற்றது. அகன்ற வயிறும், தட்டையான அடியும், குறைந்த ஆழத்தில் மிதக்கும் இயல்பும் உடைய கலம் அது. சேற்றுக்கரையில் வற்றத்தின்போது தரைதட்டினாலும் சாயாமல் அமரும். நீராவி வருமுன் இதனைத் துடுப்பாலும் கோலாலும் பாயாலும் செலுத்தினர். எல்லாவற்றுக்கும் மேலாக ஓதத்தால் செலுத்தினர். ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது, நீர் எப்பக்கம் ஓடும் என்று அறிந்தவனே தோணிக்காரன். நீரோட்டம் எதிராயின் காத்திருப்பான். கப்பலும் காத்திருக்கும். பாய்க்கப்பல் பல மாதப் பயணத்தின் இடையே ஓரிரு வாரம் ஒரு துறையில் தங்குவதைப் பெரும் இழப்பாகக் கருதியதில்லை.

1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்ட பின் நிலைமை மாறியது. கீழைக் கடல்களில் நீராவிக் கப்பல்கள் பெருகின. நிலக்கரி எரியும் கப்பலுக்கு ஒவ்வொரு மணி நேரமும் பணம். கால அட்டவணை வகுத்துக்கொண்டு ஓடும் கப்பல் ஓதத்துக்காகக் காத்திருக்க இயலாது. அந்த அவசரத்திலிருந்து பிறந்ததே இழுவை. ஒவ்வொரு தோணிக்கும் ஒரு பொறி வைப்பது செலவு. மேலும், தோணி கப்பலின் விலாவில் நின்று சரக்கேற்றும் நீண்ட நேரம் முழுதும் அப்பொறி வாளா கிடக்கும். ஆகவே பொறியை ஒரு படகிலும் சுமையைப் பல தோணிகளிலுமாகப் பிரித்தனர். படகு சில தோணிகளைக் கப்பலிடம் விட்டுவிட்டு, நிறைந்த வேறு சிலவற்றைக் கட்டிக்கொண்டு கரைக்கு வரும். கரையில் அவற்றை விட்டு, ஒழிந்தவற்றைக் கட்டிக்கொண்டு கப்பலுக்குப் போகும். பொறி ஓய்வதே இல்லை. இன்று சரக்கு வண்டித் தொழிலில் இழுவையுந்தும் இழுவண்டியும் தனித்தனியே இருப்பதன் பொருளியல் இதுவேயாகும்.

பினாங்கில் இத்தேவையை இருமடங்காக்கியது எதிர்க்கரை. பேராக்கின் ஈயமும், பின்னர் ரப்பரும் பெருநிலத்தில் விளைந்தன. வணிகமும் வங்கியும் தீவில் இருந்தன. பிறையிலிருந்து தெற்கு நோக்கிச் சென்ற இருப்புப்பாதை 1903இல் கோலாலம்பூர்ப் பாதையுடன் இணைந்தது. அதற்கு மறு ஆண்டு, 1904இல், தீவில் சுவெட்டன்காம் பாலம் திறக்கப்பட்டுப் பெருங்கப்பல்கள் கரையணையத் தொடங்கின. எனினும் ஒருசில கப்பல்களுக்கே அங்கு இடம் இருந்தது. எஞ்சியவை நடுநீரிலேயே நின்றன. 1907இல் வெல்டு கீ ஓரத்தில் மணிக்கூண்டுடன் எழுந்த இருப்புப்பாதைக் கட்டடம், தண்டவாளமே இல்லாத புகைவண்டி நிலையம் என்று பெயர் பெற்றது. அங்கே சீட்டு வாங்கிய பயணி படகேறிக் கடலைக் கடந்து பிறையில் வண்டி ஏறினான். அவனுடைய மூட்டை முடிச்சுகள் அவனோடு சென்றன. ஆனால் அரிசியும் ஈயக்கட்டிகளும் கொப்பரையும் அவ்வாறு செல்ல இயலாது. அவற்றுக்குத் தண்டவாளம் இல்லாத அந்த 3 கிலோமீட்டரில் ஓடிய தொடர்வண்டி, தொங்கான் வரிசையே.

இனி இழுவையின் நுட்பத்தைச் சற்று நின்று காண வேண்டும். இத்துறைமுகத்தின் நீரோட்டம் கால்வாயின் நீளவாக்கில், வடக்கும் தெற்குமாக, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏற்பத் திசைமாறி ஓடும். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செல்லும் படகோ கிழக்கும் மேற்குமாக அதனைக் குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும். தனிப்படகாயின் தலையைச் சற்று நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தால் போதும். பின்னால் ஒரு தோணி கட்டப்பட்டிருந்தால் அது நீரோட்டத்தின் பக்கம் விலகி, வடம் சாய்ந்த கோடாகும். அதன் பின்னால் இன்னொன்று கட்டப்பட்டிருந்தால் அது மேலும் விலகும். முன்னே செல்லும் படகு நேராகச் சென்றுகொண்டிருக்க, வால் ஒரு வில்லாக வளைந்து, நங்கூரமிட்டு நிற்கும் வேறு கப்பலின் சங்கிலியை நோக்கி இழுபடும். முன்படகின் தலைவன் அதனைத் திருத்த இயலாது. அவன் கையிலுள்ளது தன் சுக்கான் மட்டுமே. திருத்த வேண்டியவன் இரண்டாம் தோணியின் அமரத்தில் நிற்பவன். தோணியின் அணியத்தை நீரோட்டத்துக்கு எதிராக, முன்தோணியின் தடத்தைவிடச் சற்று மேலேயே பிடித்து வருவது அவன் வேலை. சற்று மிகுதியாகப் பிடித்தால் வடம் பக்கவாட்டில் இறுகித் தோணி சாயும். சற்றுக் குறைவாகப் பிடித்தால் வால் விலகும்.

அடுத்தது வடத்தின் இயல்பு. வடம் இழுக்கும், தள்ளாது. முன்படகு வேகத்தைக் குறைத்தால் வடம் தளரும். ஆனால் நிறைசுமையோடு வரும் தோணி தன் வேகத்திலேயே வந்துகொண்டிருக்கும். நீரில் அதனை நிறுத்தும் தடை எதுவும் இல்லை. முன்தோணியின் அமரத்தில் மோதாமல் இருக்க வேண்டுமானால் பின்தோணிக்காரன் உரிய கணத்தில் சுக்கானைத் திருப்பிப் பக்கத்தில் ஒதுங்க வேண்டும். கரையை நெருங்கும்போது வடத்தை அவிழ்த்துவிடும் கணம் இன்னும் நுட்பமானது. முந்தி அவிழ்த்தால் தோணி துறையை எட்டாமல் நீரோட்டத்தில் போய்விடும். பிந்தி அவிழ்த்தால் கல்லில் மோதும். தளர்ந்த வடம் மீண்டும் இறுகும்போது வெடுக்கென்று இழுக்கும்; அப்போது வடத்தின் அருகே கால் வைத்து நிற்பவன் காலை இழப்பான். முன்படகின் புகைபோக்கியிலிருந்து எழும் ஊதல் ஒன்றே கட்டளை. மற்றவை எல்லாம் நீரைப் பார்த்தும் வடத்தைப் பார்த்தும் அறிய வேண்டியவை.

இவ்வாறு தோணியை நடத்தியவனுக்குத் தமிழில் தண்டல் என்றும் தண்டையல் என்றும் பெயர். சிறு கலத்தின் தலைவன் என்பது அதன் பொருள். இச்சொல் இந்தியப் பெருங்கடல் முழுதும் வழங்கியது. மலாயில் தண்டில் என்று ஆகி, கூலியாட்களின் மேலாள் என்னும் பொருள் பெற்றது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுத்தவரையும் தமிழர் தண்டல் என்றே அழைத்தனர். கடலில் சுக்கான் பிடித்தவனின் பெயர், கடலையே காணாத தோட்டத்துக்குள் சென்று சேர்ந்தது. சொற்கள் மட்டும் இத்துறைமுகத்தில் இரு திசையிலும் சுங்கமின்றிச் சென்றன. கப்பல், கூலி, கடை, பெட்டி என்னும் தமிழ்ச்சொற்கள் மலாய்மொழியில் காப்பல், கூலி, கெடாய், பெத்தி என நின்றன. தொங்கான் தமிழுக்கு வந்தது. ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களுள் ஒன்று தமிழர் வாயில் படவுக்காரர் தெருவாக இருந்தது.

தோணித்தொழில் தமிழருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்று கூறுவது வரலாறு ஆகாது. வெல்டு கீ அமைந்தபின் அதன் ஓரத்துச் சேற்றில் மரக்கால் நாட்டி வீடு கட்டிக்கொண்ட சீனக் குலத்தினர், இன்றும் குலத்துறைகள் எனப் புகழ்பெற்றுள்ள அவ்வீட்டு வரிசைகளிலிருந்து, சம்பானும் சுமைத்தோணியும் செலுத்தினர். மலாய்க்காரரும் இருந்தனர். ஒரே வடத்தில் கட்டிய தோணிகளில் வெவ்வேறு மொழியினர் நின்ற நாள்களும் இருந்திருக்கும். சீனரின் குலத்துறைகள் 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் டவுனின் பகுதியாகிப் பயணியரை ஈர்க்கின்றன. தமிழ்ப் படவுக்காரருக்கு ஒரு தெருப்பெயராவது இருந்தது. அதுவும் பேச்சுவழக்கில் மட்டுமே.

தொடராகச் செல்வது தமிழருக்குப் புதியதன்று. உப்பு விற்ற உமணரின் வண்டி வரிசைக்குச் சங்க நூல்கள் ஒழுகை என்று பெயர் கூறும். பறம்பை இழந்த பாரியின் மகளிர், குப்பைமேட்டின்மேல் ஏறி நின்று உமணர் ஒழுகையை எண்ணிய அவலத்தைக் கபிலர் புறநானூற்றின் 116ஆம் பாட்டில் வைத்தார். அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு உமணர் வண்டியின் கீழே கட்டிச் சென்ற சேம அச்சை, ஔவையார் 102ஆம் பாட்டில் அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார். ஆயினும் ஒழுகைக்கும் இழுவைக்கும் வேறுபாடு உண்டு. ஒழுகையில் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே எருது உண்டு. வண்டிக்காரன் உறங்கினாலும் எருது முன்வண்டியின் பின்னே நடக்கும்; பள்ளம் வந்தால் ஒதுங்கும். இழுவையில் பின்வண்டிக்கு உயிர் இல்லை. பொறி வந்தபின் உலகெங்கும் வண்டி செய்தவர்களை வாட்டிய சிக்கல் இதுவே.

1870களில் ஆர். இ. பி. கிராம்டன் என்னும் ஆங்கிலேயர் வடஇந்தியப் பெருவழியில் நீராவி இழுபொறியின் பின்னே வண்டிகளைத் தொடராகக் கட்டி ஓட்டிப் பார்த்தார். பிரெஞ்சுப் படைத்துறையினர் சார்லசு ரெனார் 1903இல் காட்டிய சாலைத் தொடர்வண்டியில், முன்பொறியின் விசையைத் தண்டு வழியாக ஒவ்வொரு பின்வண்டியின் சக்கரத்துக்கும் கொண்டுசென்றதோடு, ஒவ்வொரு வண்டியும் முன்வண்டியின் தடத்திலேயே திரும்புமாறும் அமைத்தார். 1934இல் ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்கு வந்த பிரித்தானிய இழுவண்டியின் பின்னே இரண்டு வண்டிகள் இருந்தன. அவையும் தடம் பிறழாமல் தாமே திரும்பும் அச்சுகள் உடையவை. இவர்கள் செய்தது என்ன? இரண்டாம் தோணியின் அமரத்தில் நின்ற மனிதனை இரும்பில் செய்ய முயன்றனர்.

சாலையில் அச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. நீரில் வால் வெளியே விலகும். சாலையில் மெல்லத் திரும்பும்போது வால் உள்ளே வெட்டும். முன்சக்கரம் சென்ற தடத்தைவிடப் பின்வண்டியின் சக்கரம் உட்புறமாகச் செல்வதால் தெருமுனையின் கல்லும், அங்கே நிற்கும் மனிதரும் அதன் வழியில் அகப்படுவர். விரைவாகச் செல்லும்போது நிலைமை தலைகீழாகும். முன்வண்டி சற்றே ஒதுங்கினால் பின்வண்டி மிகுதியாக ஒதுங்கும். இரண்டாம் பின்வண்டியின் ஆட்டம் முன்வண்டியின் ஆட்டத்தைப் போல் இருமடங்கு வரை ஆகலாம். சாட்டையின் கைப்பிடி சிறிது அசைந்தால் நுனி விளாசுவது போன்றது இது. வடம் தள்ளாது, ஆனால் இரும்புக் கொக்கியும் இழுதண்டும் இழுப்பதோடு தள்ளவும் செய்யும். முன்வண்டி தடையிட்டு, பின்வண்டி தடையிடாவிட்டால், பின்வண்டி முன்வண்டியைத் தள்ளி மடக்கிவிடும். ஒரு பின்வண்டியோடு பின்னோக்கி ஓட்டுவதே கடினம். இரண்டோடு ஓட்டுவது ஏறத்தாழ இயலாது. ஆகவேதான் பாரம் மிகுந்ததை முன்னும் குறைந்ததைப் பின்னும் பூட்ட வேண்டும் என்பது அத்தொழிலின் முதல் விதி.

அமெரிக்காவில் விடுமுறைப் பயணம் செல்வோர், பிக்கப் எனப்படும் சிறு சுமையுந்தின் பின்னே குடில்வண்டி ஒன்றையும், அதன் பின்னே படகு ஏற்றிய வண்டி இன்னொன்றையும் பூட்டிச் செல்வதுண்டு. சில மாநிலங்கள் நிபந்தனையோடு அதனை ஏற்கின்றன. சில அறவே தடுக்கின்றன. மராட்டிய மாநிலத்தின் கரும்பு ஆலைகளுக்குச் செல்லும் டிராக்டர்களின் பின்னேயும் இரட்டை வண்டிகளைக் காணலாம். அவை கவிழ்ந்து கிடப்பதையும் காணலாம். எங்கும் கேள்வி ஒன்றே: கடைசி வண்டிக்கு யார் பொறுப்பு? தொங்கான் வரிசையில் அதற்கு விடை இருந்தது. கடைசித் தோணியிலும் ஒரு மனிதன் நின்றான்.

தோணியில் சரக்கு மட்டும் வரவில்லை. தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர்களுக்குப் பினாங்கே முதல் வாசல். நாகப்பட்டினத்திலும் கப்பல் கரையைத் தொடுவதில்லை; கடலில் நிற்கும் கப்பலுக்குத் தோணியேறியே செல்ல வேண்டும். ஆகவே உறவினரிடம் விடைபெற்ற தமிழனின் கடைசித் தாய்மண் தொடர்பும் ஒரு தோணிதான். புதிய நாட்டின் முதல் தொடர்பும் ஒரு தோணிதான். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதுவரை கீழ்த்தளப் பயணிகளாக வந்தவர்கள் ஜெரெஜாத் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை இவ்வழியில் ஓடிய ரஜூலா கப்பலின் பெயரை முதியோர் பலர் நினைவில் வைத்திருந்தனர். தம்மைக் கப்பலிலிருந்து இறக்கிய தோணிக்குப் பெயர் இருந்ததா என்று அவர்களிடம் கேட்டவர் இலர். ப. சிங்காரம் 1972இல் வெளியிட்ட ‘புயலிலே ஒரு தோணி’, போர்க்கால மேடானையும் பினாங்கையும் களமாகக் கொண்டது. தலைப்பிலேயே தோணி இடம்பெற்றது இத்துறையை அறிந்தவருக்கு வியப்பளிக்காது.

நடுநீரில் கப்பல் நிற்கும் துறைமுகத்தின் அபாயம் 1914இல் வெளிப்பட்டது. செப்டம்பர் 22ஆம் நாள் சென்னையைச் சுட்ட எம்டன், அக்டோபர் 28ஆம் நாள் விடியலில் பினாங்கினுள் நுழைந்து, நங்கூரமிட்டு நின்ற உருசியப் போர்க்கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது. சென்னைத் தமிழில் ‘எம்டன்’ என்பது சூழ்ச்சித் திறமுடையவனுக்குப் பெயரானது பலரும் அறிந்தது. அதே கலம் சில வாரங்களில் பினாங்குத் தமிழரின் கண்முன்னும் தோன்றியது என்பதைப் பலர் அறியார்.

தோணிக்காரரின் இன்றியமையாமை ஒரே ஒருமுறைதான் அதிகார உலகுக்கு ஐயமின்றி விளங்கிற்று. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு பொழிந்தன. துறைமுகத் தொழிலாளரும் படகோட்டிகளும் உயிர்பிழைக்க ஊரைவிட்டு அகன்றனர். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஓடிய படகுகள் ஆளின்றி நின்றன. அதற்கு முதல்நாள் தென்சீனக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட பிரின்சு ஆஃப் வேல்சு, ரிப்பல்சு என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களிலிருந்து உயிர்தப்பிய கடற்படையினரைக் கொண்டுவந்து அப்படகுகளை ஓட்டவேண்டியதாயிற்று. நாள்தோறும் கூலிக்கு நடந்த வேலைக்கு, அரசின் கடற்படையே ஆள் தர நேர்ந்தது. ஆங்கிலேயர் ஐரோப்பியரை மட்டும் இரகசியமாக அகற்றிக்கொண்டு டிசம்பர் 17ஆம் நாளுக்குள் தீவைக் கைவிட்டனர். கார்ன்வாலிசு கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கியவர், அங்கிருந்த நாளிதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. 19ஆம் நாள் ஜப்பானியர் நுழைந்தனர். அவசரத்தில் அழிக்கப்படாமல் விடப்பட்ட பொறிப்படகுகளும் தோணிகளும் துறைமுகத்தில் அப்படியே கிடந்தன. மேற்குக் கடற்கரை வழியாகத் தெற்கே படையிறக்க அவை ஜப்பானியருக்கு உதவின. ஒரு துறைமுகத்தின் எளிய கலங்கள் ஒரு போரில் எவ்வளவு பெறும் என்பதைத் தோற்றவர் பின்னர் எழுதிய நூல்களில் வருத்தத்தோடு குறித்தனர்.

போருக்குப்பின் தொங்கான்கள் திரும்பின. ஆனால் அவற்றின் காலம் எண்ணப்படத் தொடங்கிவிட்டது. 1956இல் துறைமுகம் பினாங்குத் துறைமுக ஆணையத்தின் பொறுப்பில் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், உலகின் மறுகோடியில், மால்கம் மக்லீன் என்னும் சுமையுந்து முதலாளி 58 இரும்புப் பெட்டிகளை ஐடியல் எக்சு என்னும் கப்பலில் ஏற்றி நூவர்க்கிலிருந்து ஊசுட்டனுக்கு அனுப்பினார். மூட்டையை எடுத்துத் தோணியில் இட்டு, தோணியிலிருந்து தோளில் ஏற்றி, தோளிலிருந்து வண்டியில் போடும் தொழில் உலகெங்கும் அன்றே முடிவை நோக்கி நடந்தது. பினாங்கில் எவரும் அதனை அறிந்திருக்க வழியில்லை. 1960களில் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தின் ஆழ்நீர்த் துறைகள் கட்டப்பட்டன. கப்பல் நேரே கரையணைந்தது. சரக்கு தீவுக்கு வரவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. 1969இல் தீவின் தடையிலாத் துறைமுக உரிமையும் நீக்கப்பட்டது. தோணிக்காரருக்கு இவை இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழுந்த அடிகள். அத்தொழிலில் தேர்ந்தவன் அதே திறமையைக் கொண்டு வேறு தொழிலுக்குச் செல்ல வழியில்லை. நீரோட்டத்தின் போக்கை அறிந்தவனுக்குச் சிமிந்துத் தரையில் என்ன வேலை? முதியவர் ஊர் திரும்பினர். குடியுரிமை பெற்றவர் வாயிற்காவலுக்கும் நகராட்சி வேலைக்கும் சென்றனர். பிள்ளைகள் சிலர் சுமையுந்து ஓட்டக் கற்றனர்.

1985 செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 13.5 கிலோமீட்டர். 1925 முதல் வண்டிகளைச் சுமந்து கடந்த படகுகளின் வேலையில் பெரும்பகுதியை அது எடுத்துக்கொண்டது. முற்காலத்தில் தொங்கான் வரிசை குறுக்கே வெட்டிச் சென்ற அதே நீரோட்டத்தின்மேல், கொள்கலம் ஏற்றிய இழுவண்டிகள் செல்கின்றன. அவற்றில் இழுக்கும் முன்னுந்து தனி. இழுக்கப்படும் சட்டகம் தனி. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பூட்டிக்கொண்டு முன்னுந்து ஓய்வின்றி ஓடுகிறது. தொங்கான் காலத்துப் பொருளியல் சிறிதும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான். பின்வண்டியைப் பார்க்க ஓட்டுநருக்கு இரு பக்கமும் கண்ணாடி இருக்கிறது. பின்வண்டியில் நின்று அவனைப் பார்க்க ஆள் இல்லை.

மலேசியர் அப்பெட்டியைக் கொந்தேனா என்பர். பினாங்குக்கு நேரெதிரே, மலாக்கா நீரிணையின் அக்கரையில், சுமத்திராவின் பெலாவான் துறைமுகத்தில் அதே பெட்டி இறங்கும்போது இந்தோனேசியர் அதனைப் பெத்தி கெமாசு என்பர். பெத்தி என்பது பெட்டி.